கட்டிப்போட்ட தண்ணீர்

2025 மே மாதம் புனேயில் வடாம் போட லாயக்கான மாதமாக இல்லை. மாத நடுவிலிருந்தே மாலையானால் இடி. ஜூன் பத்துத் தேதி வாக்கில் வரவேண்டிய தென்மேற்குப் பருவமழை மே 26ஆம் தேதியே நகரத்துக்குள் வந்துவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. இந்த அறிவிப்புகளைத் தயாரிக்கிற பெரிய அலுவலகம் ஒன்று சிவாஜிநகரில், எங்கள் கசார்வாடி ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் மூன்றாவது நிறுத்தத்தில் இருக்கிறது. 1928இல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு இடம் மாறி வந்ததால் அந்தக் கட்டடத்துக்குச் 'சிம்லா ஆபீஸ்' என்றே பெயர். அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அம்மா வானிலை அறிக்கையை நம்பவில்லை. காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது, அது போதும் அவளுக்கு.

ஒரு கிலோ ஜவ்வரிசி. முதல் நாள் இரவே ஊறவைத்து, விடியற்காலையில் கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றியாகிவிட்டது. கீழே நெடுஞ்சாலை இரைச்சல், உயரத்தில் மெட்ரோ, அதற்கும் மேலே வெயில். மூன்றரை மணிக்குக் காற்று திரும்பியது. நான்கு மணிக்குத் தூறல். வேட்டியின் நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டு படியிறங்குவதற்குள் பாதி நனைந்துவிட்டது. இரவெல்லாம் மின்விசிறிக்குக் கீழே கிடந்த வடாம், மறுநாள் காலை புளித்த வாடை அடித்தது. தொட்டால் பிசுபிசுத்தது. எல்லாம் குப்பைக்குப் போனது.

அதே வீட்டில், மாடிப்படிக்கு அடியில், ஏப்ரலில் ஊரிலிருந்து வந்த வடுமாங்காய் ஒரு பீங்கான் ஜாடியில் தன் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கிற மாங்காய் கெடவில்லை. முக்கால்வாசி காய்ந்த வடாம் ஒரே ராத்திரியில் கெட்டது. ஈரம்தான் உணவைக் கெடுக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு இது கணக்கு உதைக்கிற இடம்.

இந்தக் கணக்கை நேர்செய்தவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற, உணவை நஞ்சாக்கக்கூடிய பாக்டீரியாவைப் பலவிதமான உணவுகளிலும் உப்புக் கரைசல்களிலும் வளர்த்துப் பார்த்து, 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார். ஓர் உணவில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்பது அந்தப் பாக்டீரியாவுக்கு முக்கியமே இல்லை. அதில் எவ்வளவு தண்ணீர் சும்மா இருக்கிறது என்பதுதான் முக்கியம். உப்பும் சர்க்கரையும் மாவுச்சத்தும் தண்ணீர் மூலக்கூறுகளைத் தம்மோடு இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படிக் கட்டுப்பட்ட தண்ணீரை நுண்ணுயிரால் எளிதில் எடுத்துக் குடிக்க முடியாது. கடலுக்கு நடுவே தாகத்தில் தவிக்கிற மாலுமியின் நிலைமை அதற்கு.

இந்தச் 'சும்மா இருக்கும் தன்மை'க்கு நீர்ச்செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. நறுக்கிய மாம்பழத்துக்கும் வெள்ளரிக்காய்க்கும் 0.97க்கு மேல், அதாவது ஏறக்குறைய முழுத் தண்ணீர். 0.91க்குக் கீழே வந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் நின்றுவிடும். ஸ்காட்டின் ஸ்டஃபைலோகாக்கஸ் பிடிவாதக்காரன், 0.86 வரை தாக்குப்பிடிக்கும். சாதாரணப் பூஞ்சைகள் 0.80 வரை. 0.60க்குக் கீழே பூமியில் ஏறக்குறைய எதுவும் வளர்வதில்லை. உலகத்து ஊறுகாய், வத்தல், கருவாடு, ஜாம், அப்பளம் எல்லாமே இந்த ஒரே ஏணியில் வெவ்வேறு படிகளில் உட்கார்ந்திருக்கின்றன.

வடுமாங்காய் எந்தப் படி? அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்கு மேல் கரையாது. அந்த நிறைகரைசலின் நீர்ச்செயல்பாடு 0.75. நம் ஜாடியில் அவ்வளவு உப்பு போடுவதில்லை. மீதி வேலையை மாங்காயின் புளிப்பு பார்த்துக்கொள்கிறது. அமில அளவீட்டில் 4.6க்குக் கீழே இருக்கிற எதிலும் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. மாங்காய் அதைவிட வெகு புளிப்பு. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் புளிப்பு என்று இரண்டு வேலிகள். எண்ணெய் ஊறுகாயில் மூன்றாவது வேலியாக எண்ணெய், காற்று வேண்டிய பூஞ்சைகளை மேலேயே தடுத்துவிடுகிறது. எண்ணெய் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் ஆபத்து. புளிப்பில்லாத பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு வாரக்கணக்கில் அலமாரியில் வைப்பவர்கள், காற்றில்லாத இடத்தை விரும்புகிற அந்தப் பொட்டுலிசக் கிருமிக்கு வீடு கட்டிக்கொடுக்கிறார்கள். கொத்தவரங்காய், காரட் போன்றவற்றை ஊறுகாய் போட்டால் எலுமிச்சையோ வினிகரோ தாராளமாக விழ வேண்டும் என்பது இதனால்தான்.

ஜாடியில் ஈரக் கரண்டி விட்டால் பாட்டிமார் ஊரைக் கூட்டியதை இந்த ஏணியை வைத்துப் பார்த்தால் புரியும். கரண்டியில் வந்த சொட்டுத் தண்ணீர் உடனே கலந்துவிடாது. ஊறுகாயின் மேற்பரப்பில் ஒரு சின்னக் குட்டையாகத் தங்கும். அந்தக் குட்டைக்குள் நீர்ச்செயல்பாடு கிட்டத்தட்ட 1. பூஞ்சைக்கு அவ்வளவு இடம் போதும்.

பக்கத்து வீட்டு மாமி, அதாவது காகூ, போடுகிற முராம்பா வேறு ரகம். மாங்காயைத் துருவியோ நறுக்கியோ சர்க்கரைப் பாகில் ஏலக்காயோடு காய்ச்சியெடுப்பது. இதில் உப்பு செய்கிற வேலையைச் சர்க்கரை செய்கிறது, ஆனால் எவ்வளவு சிரமப்பட்டு! நீர்ச்செயல்பாட்டைக் குறைப்பதில் எடையைவிடத் துகள்களின் எண்ணிக்கை முக்கியம். உப்பு தண்ணீரில் விழுந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிகிறது. சர்க்கரை மூலக்கூறு பெரியது, கனமானது, பிரியாமல் ஒன்றாகவே கிடக்கிறது. கணக்குப் போட்டால், 100 கிராம் தண்ணீரில் கரையும் 36 கிராம் உப்பு தருகிற துகள்கள், அதே தண்ணீரில் கரையும் 200 கிராம் சர்க்கரை தருவதைப் போல இரண்டு மடங்கு. அதனால் சர்க்கரையை முட்ட முட்டக் கரைத்தாலும் நீர்ச்செயல்பாடு 0.85க்கு அருகில்தான் வந்து நிற்கும். பாக்டீரியாவுக்கு அது எல்லை. பூஞ்சைக்கு இன்னும் சாப்பாடு இருக்கிறது. ஜூலையில் முராம்பா பாட்டிலைத் திறந்தால் மேலே ஒரு வெண்பச்சை வட்டம் தெரிவது இப்படித்தான்.

முராம்பாவைக் காய்ச்சும்போது மாங்காயின் அமிலம் ஒரு சாமர்த்தியம் செய்கிறது. சூட்டில் அது சர்க்கரை மூலக்கூறுகளில் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக வெட்டுகிறது. ஒரு துகள் இரண்டாகிறது. தண்ணீரைக் கட்ட இன்னும் இரண்டு கைகள். பாகு படிகமாக உறைவதும் குறைகிறது. குஜராத்திகள் இதே வேலையை அடுப்பே இல்லாமல் செய்வார்கள். துருவிய மாங்காயையும் சர்க்கரையையும் பாத்திரத்தில் போட்டு, வாயில் துணி கட்டி, நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் சுந்தா. என் நாக்குக்கு அடுப்பு முராம்பாவைவிட அதுதான் மேல். காகூவிடம் இதைச் சொன்னதில்லை.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப்பெயரிலேயே கசார் இருக்கிறார். மராத்தியில் பித்தளை, வெண்கலப் பாத்திரத் தொழில் செய்கிறவருக்கு அந்தப் பெயர். ஆனால் ஊறுகாய்க்கு அவர் கைவேலை உதவாது. பித்தளையும் வெண்கலமும் செம்பு கலந்தவை. புளிப்பும் உப்பும் பட்டால் செம்பு கரைந்து களிம்பாக ஏறும். அது குமட்டலில் ஆரம்பித்து வயிற்றைப் புரட்டிவிடும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். மராத்தியில் அது கல்ஹை. பூசுவது வெள்ளீயம், நஞ்சான காரீயம் வேறு உலோகம். தமிழில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகிவிட்டதில், ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இரண்டு தடவை கேட்டு வாங்குவது நல்லது. பீங்கான் ஜாடிக்கு இந்த வம்பே கிடையாது.

ஊறுகாய் மாங்காய் ஏன் கல் மாதிரி இருக்க வேண்டும் என்று பிம்ப்ரி காய்கறிச் சந்தையில் கேட்டுப் பாருங்கள். கொட்டை முற்றி, சதை வெள்ளையாக, கத்திக்கு வணங்காமல் இருக்கிற கைரியைத்தான், அதாவது பச்சை மாங்காயைத்தான், தேடி எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டுக் கத்தி தோற்றுப்போகும் என்பதால் காசு வாங்கிக்கொண்டு பெரிய வெட்டுக்கத்தியில் கொட்டையோடு துண்டு போட்டும் தருவார்கள். காயின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. பழுக்க ஆரம்பித்ததும் அந்தப் பசையைக் கரைக்கிற நொதிகள் கிளம்பிவிடும். அவற்றுக்கு விசில் ஊதுவது எத்திலீன் என்ற வாயு. 1901இல் ரஷ்ய மாணவர் நெல்யூபொவ், விளக்கெரிக்கும் வாயுவிலிருந்த எத்திலீன்தான் ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளரச் செய்கிறது என்று கண்டார். பழங்கள் தாமே அதை வெளியிடுகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். ஹாபூஸ் மாம்பழத்தை வைக்கோல் பரப்பிய பெட்டியில் மூடிவைப்பது அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கத்தான். நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் புதைப்பதும் அதே தந்திரம். கால்சியம் கார்பைடு கல்லைப் போட்டுப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதிலிருந்து வருவது எத்திலீனின் தூரத்து உறவான அசிட்டிலீன், கூடவே ஆர்செனிக் கலந்த அசுத்தங்கள். சொல்ல வந்தது இதுதான்: ஊறுகாய்க்கு வாங்கிய கைரியை ஹாபூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்தாலும் போச்சு. மறுநாள் வெட்டினால் சதை மஞ்சள் காட்டும், ஒரே மாதத்தில் ஊறுகாய் கூழாகும்.

உப்பில் போட்ட பிறகும் துண்டுகள் மொறுமொறுவென்று இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று கல் உப்பில் கொஞ்சம் ஒட்டியிருக்கும் கால்சியம். அது பெக்டின் இழைகளுக்கு இடையே பாலம் போடுகிறது. இன்னொன்று புளிப்பு. மிதமான புளிப்பில் பெக்டின் எளிதில் கரையாது. ஊறுகாய்க்கு வரமான இந்தக் குணமே குழம்புக்குச் சாபம். கோடை முடிவில் புனேயில் மலிவாகக் கிடைக்கிற கவார், அதாவது நம் கொத்தவரங்காய், புளிக்கரைசலில் நேராகப் போட்டால் அரை மணி நேரம் கொதித்தும் நாரும் தோலுமாக நிற்கும். பெக்டின் கரைந்தால்தானே காய் வேகும்! காயை வேகவிட்டுப் புளி விடு என்பது சமையல்காரர்களின் வாய்ப்பாடு. இங்கே புளிக்குப் பதிலாக ஆம்சூல் என்கிற காய்ந்த கோகம் தோலைப் போடுகிறார்கள். அதையும் இறக்கப் போகும்போதுதான். நிறத்துக்கும் அதுவே நல்லது. அமிலம் பட்டால் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மெக்னீசியம் கழன்று, காய் பழைய ராணுவ லாரி நிறத்துக்கு வந்துவிடும். வெண்டைக்காய்க்கு மட்டும் எதிர்வழி: அதன் வழவழப்பை அடக்கக் கொஞ்சம் புளிப்பு முதலிலேயே வேண்டும், தண்ணீர் வேண்டாம்.

இங்கே வேகாமல் போவதற்குப் புளிப்பு மட்டுமே காரணம் இல்லை. புனே கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 560 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையிலிருந்து வந்த புதிதில் துவரம்பருப்பு வேகவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு டிகிரி பெரிய வித்தியாசம் இல்லைதான். கூடவே தண்ணீர் கடினநீராக இருந்தால் கால்சியம் பருப்பிலும் போய்ப் பாலம் கட்டும். இரண்டும் சேர்ந்தால் குக்கருக்கு ஒரு விசில் கூட.

திரும்ப வடாமுக்கு வருகிறேன், அது இன்னும் மனதில் காயவில்லை.

மராத்தியில் கோடைக்கால உணவு உலர்த்தலுக்கு 'வாளவண்' என்று ஒரே சொல். அப்பளம், கோதுமைப் பாலில் பிழிகிற குர்டை, மசாலா அடைத்த சாண்டகி மிளகாய், ஜவ்வரிசிப் பாபட்யா எல்லாம் அதில் அடக்கம். மே மாதத்து மத்தியானத்தில் கசார்வாடியின் எந்த கச்சியிலும், அதாவது மொட்டை மாடியிலும், இதைப் பார்க்கலாம். புனேவின் வெயிலை நாங்கள் திட்டினாலும், வாளவணுக்கு அது சென்னை வெயிலைவிட உசத்தி. 38 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக 46 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஏற்கெனவே 9 கிராம் இருக்கிறது. இன்னும் 37 கிராம் உறிஞ்ச இடம் உண்டு. கடற்கரை ஊரில் அதே 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 23 கிராமுக்குத்தான் இடம். மழை வந்து 26 டிகிரி, 85 சதவீதம் என்று மாறினால் மிச்சமிருக்கும் இடம் 4 கிராம்கூட இல்லை. பத்தில் ஒரு பங்கு! எங்கள் மின்விசிறி இரவெல்லாம் சுற்றியும் பலிக்காததற்கு இதுவே காரணம். குடிக்க முடியாத அளவுக்கு வயிறு நிறைந்த காற்றை வடாமின் மேலே எத்தனை வேகமாக ஓட்டினால் என்ன?

கெட்டதன் மீதிக் கதை கூழில் இருக்கிறது. காய்ச்சும்போது பெரும்பாலான நுண்ணுயிர்கள் செத்தாலும், பாசில்லஸ் வகையின் வித்துகள் 98 டிகிரிக் கொதிநிலைக்கு அசையாது. சூடு ஆறியதும் அவை விழிக்கும். வெயிலில் வடாம் 1இலிருந்து 0.6ஐ நோக்கி இறங்கும் பயணம், அவை பெருகுவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். நல்ல மே வெயிலில் அந்தப் பந்தயத்தில் வடாம் ஜெயிக்கும். பாதியில் மழை குறுக்கிட்டால் பாதி வழியிலேயே, நுண்ணுயிருக்கு மிக வசதியான படியில், மாவுச்சத்து விருந்தோடு நின்றுவிடும்.

காய்ந்த வடாம் விந்தையான பொருள். ஜவ்வரிசி வெந்து கண்ணாடி மாதிரி ஆகிறதென்று சொல்கிறோமே, அது உவமையைவிடக் கொஞ்சம் கூடுதல். 65, 70 டிகிரியில் மாவுச்சத்து மணிகள் தண்ணீர் குடித்து உப்பி, உள்ளே அடுக்கியிருந்த சங்கிலிகள் அவிழ்ந்து குழம்பிவிடுகின்றன. வடாம் கூழில் எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியச் சொல்வது, கொதிக்கும் அமிலம் அந்தச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக்கிக் கூழை நீர்க்கவைக்கும் என்பதால். காயும்போது சங்கிலிகள் பழைய ஒழுங்குக்குத் திரும்ப நேரம் இல்லாமல், குழம்பிய நிலையிலேயே இறுகுகின்றன. இயற்பியலில் அப்படி ஒழுங்கில்லாமல் இறுகிய எதற்கும் கண்ணாடி நிலை என்றுதான் பெயர். உடைத்தால் டக்கென்று உடையும்.

அதற்குள் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் தண்ணீர் இன்னும் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கைதியை விட்டுவிடுவதுதான் பொரித்தல். 190 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் கண்ணாடி ஒரு நொடி ரப்பராக இளகுகிறது. அதே நொடியில் உள்ளே தண்ணீர் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியப் பார்க்கிறது. ரப்பர் ஊதிக்கொண்டு பெரிதாகிறது, ஆவி வெளியேறுகிறது, தண்ணீர் போனதும் மறுபடி கண்ணாடி. எண்ணெய் காயாமல் போட்டால் இளகுவதற்கு முன்பே ஆவி மெல்லக் கசிந்து, வடாம் எண்ணெய் குடித்துக் கல்லாகும். ரொம்பக் காய்ந்து தண்ணீரே இல்லாமல் போயிருந்தாலும் ஊதாது. ஈரம் ஏறியிருந்தால் பொரிப்பதற்கு முன்பே ரப்பராகி வளையும். அரைகுறையாக உப்பி, பல்லில் ஒட்டும்.

அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு. அதற்கு மூலமான மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கப்பலில் வந்த கிழங்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1940களில் சேலம் பகுதியில் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலத்து ஆலைகளுக்குப் பெரிய வாடிக்கையாளர் மகாராஷ்டிராவின் விரதம். ஏகாதசி, சதுர்த்தி, நவராத்திரி என்று எது வந்தாலும் இங்கே சாபுதாணா கிச்சடி, சாபுதாணா வடை. ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் மழை பெய்கிறதா என்பதற்கும் புனேவின் பக்திக்கும் இடையே ஒரு கண்ணுக்குத் தெரியாத நூல் ஓடுகிறது.

அந்த ஜூனில் மழை நின்றுபோன நான்கு நாள் இடைவெளி ஒன்றில் அம்மா மறுபடி போட்டாள். அரைக் கிலோதான், மெல்லிசாக. தடிமன் பாதியானால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வர எடுக்கும் நேரம் கால்வாசியாகும் என்று நான் விளக்கியதை அவள் காதில் வாங்கவில்லை. மெல்லிசாக ஊற்ற வேண்டும் என்பதை அவள் என்னைப் பெறுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்தாள். காய்ந்ததை டப்பாவில் போட்டு, துணியில் முடிந்த அரிசியை ஈரம் குடிக்க மேலே வைத்து மூடினோம்.

தேஹுவிலிருந்து கிளம்பும் துக்காராம் பல்லக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் புனேவுக்குள் போகும். மழையில் நனைந்த வார்க்கரி யாத்திரிகர்கள் தாளத்தோடு நெடுஞ்சாலையை நிறைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் கழித்து ஆஷாட ஏகாதசி. அன்று மத்தியானம் காகூ கதவைத் தட்டினார். அவருடைய பாபட்யா ஈரம் ஏறி நமத்துவிட்டதாம். வீட்டில் ஐந்து பேர் விரதம். "உங்கள் ஜவ்வரிசி வடாம் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார். அம்மா டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். "பெருங்காயம் போட்டிருக்கேனே" என்றாள். இங்கே விரதத்துக்குச் சீரகம் ஆகும், பெருங்காயம் ஆகாது. காகூ ஒரு நிமிடம் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய பாபட்யாவை வாங்கிவந்து, எண்ணெய் இல்லாத வாணலியில் சிறு தீயில் பத்து நிமிடம் புரட்டிக் கொடுத்தேன். கட்டு மீறி உள்ளே வந்த தண்ணீர் வெளியேறியதும் டக்கென்று உடைந்தது. பிறகு எண்ணெய் காய்ந்தது.